பொம்மை நோயாளியும் பேசத் தயங்கும் மருத்துவரும்

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ரூஜ் பக்கம் குடியிருக்கும் தமிழர் ஒருவருக்குப் பித்தப்பைக் கல் என்றோ குடலிறக்கம் என்றோ சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், பெரும்பாலும் அவர் போய்ச் சேருமிடம் எல்ஸ்மியர் வீதியில் நீல்சன் சந்திக்கருகே இருக்கும் சென்ரினறி வைத்தியசாலை. கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1967-இல் திறக்கப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். தியேட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன் மயக்க மருத்துவர் வந்து சில கேள்விகள் கேட்பார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், கட்டுப்பல் இருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. இவற்றுக்கு நடுவே இன்னொரு கேள்வியும் வரும்: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருக்கிறதா? பக்கத்தில் நிற்கும் மகளோ மகனோ மொழிபெயர்க்க, அம்மா யோசிக்காமலே "ஒண்டும் இல்லை" என்று தலையாட்டிவிடுவார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் மெல்பேர்ண் நகரத்து இளைஞன் ஒருவனின் கதை இருக்கிறது. கால் முறிந்து வைத்தியசாலைக்கு வந்த 21 வயது மாணவன் அவன். காலைவிட மயக்க மருந்துக்குத்தான் அதிகம் பயந்தான். அவனுடைய உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். மருத்துவர்கள் ஈதரைத் தவிர்த்து ஹலோதேன் என்ற புதிய வாயுவைக் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் உடல் கொதித்தது, இரத்த அழுத்தம் விழுந்தது. மயக்கத்தை நிறுத்தி, பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்து அவனைக் காப்பாற்றினார்கள். மைக்கல் டென்பரோவும் அவருடைய சக மருத்துவர் லோவலும் 1960-இல் 'லான்செட்' இதழில் இதை எழுதினார்கள். அந்த நோயை ஆராய்வதில் ரொறொன்ரோ முன்னால் வந்து நின்றது. ரொறொன்ரோ பல்கலைக்கழக மருந்தியலாளர் வேர்னர் கலோவும் ரொறொன்ரோ ஜெனரல் வைத்தியசாலையின் மயக்க மருத்துவர் பெவர்லி பிரிட்டும், தொடையிலிருந்து எடுத்த சிறு தசைத் துண்டைக் கொண்டு நோயைக் கண்டறியும் வழியை 1970-இல் வெளியிட்டார்கள். தசைக்குள் கல்சியத்தை அடக்கி வைத்திருக்கும் வாயிலின் மரபணுவில்தான் கோளாறு என்பதைக் காட்டுவதில் அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் மக்லெனனுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் குறைபாடு உள்ளவர் ஆயுள் முழுக்க ஆரோக்கியமாக நடமாடலாம். மயக்கத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் உடம்புக்குள் போனால்தான் பெரும்பாலும் அது வெளிப்படும். கல்சியம் கட்டுக்கடங்காமல் கொட்ட, தசைகளெல்லாம் ஒருசேர இறுகி எரிபொருளை எரிக்கத் தொடங்கும். முதலில் மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டு ஏறும். இயந்திரத்தில் மூச்சின் வேகத்தைக் கூட்டினாலும் இறங்காது. தாடை இறுகும், இதயம் படபடக்கும். உடல்வெப்பம் எகிறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகே. டான்ட்ரோலின் என்ற மருந்து வருமுன் இது வந்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். இன்று, நேரத்தோடு கண்டுபிடித்தால், பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள்.

நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் சிக்கல். இது அவ்வளவு அரிதான நோய். ஒரு மயக்க மருத்துவர் முப்பது வருடம் வேலை செய்து ஒரு தடவைகூடக் காணாமல் ஓய்வு பெறலாம். ஆனால் அவர் காணப்போகும் அந்த ஒரேயொரு தடவை எந்த நாள் காலையிலும் வரலாம், வந்தால் சில நிமிடங்களுக்குள் எல்லாம் நடக்கவேண்டும். வாழ்நாளில் கண்டேயிராத ஒன்றை, கண்டவுடன் சரியாகச் செய்ய ஒருவருக்கு எப்படிக் கற்பிப்பது?

புத்தகம் கற்பிக்காது. மருந்தைக் கரைக்கும் வேலையை மட்டும் எடுத்துப் பாருங்கள். டான்ட்ரோலின் மஞ்சள் தூளாகச் சிறு குப்பிகளில் வரும். பழைய வகையில் ஒரு குப்பிக்கு 20 மில்லிகிராம். நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மில்லிகிராம் முதலில் கொடுக்கவேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 175 மில்லிகிராம், அதாவது ஒன்பது குப்பி. ஒவ்வொன்றிலும் 60 மில்லிலீற்றர் கிருமியகற்றிய நீரை ஊசியால் ஏற்றி, கட்டியில்லாமல் கரையும்வரை குலுக்கவேண்டும். அவசரத்தில் கட்டி தட்டிய பால்மாவைப் போல அது இலேசில் கரைந்து கொடுக்காது. இது முதல் தவணை மட்டுமே. போதாவிட்டால் மறுபடியும் கொடுக்கவேண்டும். இதற்கிடையில் வாயுவை நிறுத்தி, முழு ஒட்சிசனைத் திறந்து, உடலைக் குளிர்வித்து, இரத்தத்தில் ஏறும் பொட்டாசியத்தையும் கவனிக்கவேண்டும். ஒருவர் இதைத் தனியாகச் செய்யமுடியாது. மூன்று நான்கு பேர் குப்பிகளோடு மட்டும் நிற்கவேண்டும், இன்னொருவர் நடவடிக்கைப் பட்டியலை உரக்க வாசிக்கவேண்டும். இந்தக் கணக்கும் கையும் வாயும் ஒன்றுசேர்வதற்கு ஒரே வழி, நோயாளி இல்லாத வேளையில் செய்து பார்ப்பதுதான்.

செய்து பார்ப்பதற்கு ஒரு நோயாளி வேண்டுமே. 1960-இல் நோர்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஓஸ்முண்ட் லேர்டல், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கப் பழகுவதற்காக ஒரு பெண் பொம்மையைச் செய்தார். முதலுதவி வகுப்புக்குப் போன எவரும் அதன் வழிவந்த பொம்மை ஒன்றைத் தொட்டிருப்பார்கள். மயக்க மருத்துவத்துக்கென்றே உருவானது 'சிம் ஒன்'. 1960-களின் பிற்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஏப்ரஹாம்சனும் ஜட்சன் டென்சனும் அதைச் செய்வித்தார்கள். மார்பு ஏறி இறங்கும், கண்மணி விரிந்து சுருங்கும், கொடுத்த மருந்துக்கு ஏற்ப இதயத் துடிப்பு மாறும். அத்தனையையும் நடத்த ஒரு கணினி தேவைப்பட்டது. அதில் பழகிய பயிற்சி மருத்துவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நாளில் தேர்ச்சி பெற்றார்கள் என்று 1969-இல் எழுதியும் வைத்தார்கள். ஆனாலும் இன்னொரு சிம் ஒன் பிறக்கவில்லை. உயிருள்ள நோயாளிகள் செலவில்லாமல் கிடைக்கும்போது, இவ்வளவு பணம் கொட்டிப் பொம்மை எதற்கென்று அக்கால மருத்துவக் கல்வி நினைத்தது. இன்று அதை வாசிக்க எனக்கு மனம் பதைக்கிறது. செலவில்லாமல் கிடைத்த அந்த நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள்.

இருபது வருடம் கழித்துப் பொம்மை திரும்பி வந்தபோது அதனுடைய வேலையும் மாறியிருந்தது. 1980-களின் நடுவில் ஸ்ரான்ஃபோர்டில் டேவிட் காபா ஒரு முழுத் தியேட்டரையே பாவனையாக அமைத்தார். அவர் உயிர்மருத்துவப் பொறியியல் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். விபத்துகளைக் கூர்ந்து பார்த்த அவருக்கு, மயக்க மருத்துவர்கள் தோற்பது அறிவில்லாமல் அன்று என்று தெரிந்தது. தெரிந்ததை நெருக்கடியில் செய்ய முடியாமல் போகிறது; உதவி கேட்கத் தாமதிக்கிறார்கள்; ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்க மறுக்கிறார்கள்; அருகில் நிற்பவர் சொல்வது காதில் விழுவதில்லை. இதே கோளாறை விமானத்துறை ஏற்கெனவே இரத்தம் சிந்திக் கண்டுபிடித்திருந்தது. 1977 மார்ச் 27-இல் தெனெரிஃபே தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் நிற்கிறதோ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். மூத்த கப்டன் அதைத் தள்ளிவிட்டுப் புறப்பட்டார். அதன்பின் விமானிகளுக்கென்று உருவான கூட்டுச் செயற்பாட்டுப் பயிற்சியைத் தழுவி, 1990-இல் காபாவின் குழு மயக்க மருத்துவர்களுக்கு நெருக்கடி மேலாண்மைப் பயிற்சியைத் தொடங்கியது.

ரொறொன்ரோவில் சனிபுரூக் வைத்தியசாலையில் கனடிய பாவனைப் பயிற்சி மையம் 1990-களின் நடுவில் வந்தது. அங்கு நடந்த முதல் பயிற்சிகளைப் பற்றி மாட் குரெக்கும் கெவின் ஃபிஷும் 1996-இல் கட்டுரை எழுதினார்கள். வருமுன் மிரட்டியது, வந்தபின் பயன் தந்தது என்பதே அவர்கள் கண்ட சுருக்கம். மிரட்டாமல் எப்படி இருக்கும்? இருபது வருட அனுபவமுள்ள ஒருவர் சக மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கமரா ஓட, ஒரு பொம்மையின் முன்னால் தடுமாறவேண்டும்.

அந்த அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது வழக்கமான தியேட்டர்தான். மயக்க இயந்திரம், மருந்து வண்டி, மொனிற்றர், பச்சைத் துணி போர்த்திய உடல். கழுத்தில் கை வைத்தால் நாடி துடிக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் இரு பக்கமும் மூச்சொலி இருக்கும். மூச்சுக்காகச் செலுத்தும் குழாய் தவறி ஒரு நுரையீரலுக்குள் மட்டும் போனால் மறுபக்கம் ஒலி இருக்காது. நாக்கை வீங்கச் செய்யலாம், தொண்டையை இறுக்கலாம். ஃபுளோரிடாவில் பிறந்த ஒரு வகைப் பொம்மை உண்மையாகவே ஒட்சிசனை உள்ளிழுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடும். வயது, எடை, நோய் எல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதி வைத்த கணினி, கொடுத்த மருந்துக்கு உடம்பு என்ன செய்யுமென்று கணக்குப் போட்டு மொனிற்றருக்கு அனுப்பும். அந்தப் பொம்மையைச் செய்த நிறுவனத்தை 2011-இல் வாங்கியது மொன்றியலின் சிஏஇ. 1947-இல் தொடங்கி விமானிகளுக்குப் பாவனைக் கூண்டு செய்து உலகெங்கும் விற்ற அதே நிறுவனம். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் பயிற்றுநர் இருப்பார். ஒலிவாங்கியில் நோயாளியாகப் பேசுவதும் அவர்தான். உள்ளே தாதியாகவும் சத்திரசிகிச்சை நிபுணராகவும் நிற்பவர்கள் பெரும்பாலும் சொல்லிவைத்த நடிகர்கள்.

இந்த அறையில் மயக்க மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் ஒத்திகை, குழாயும் போகாமல் காற்றும் போகாமல் நிற்கும் நிலை. அதன் கணக்கு எளிமையானது. அமைதியாக மூச்சு விட்டு முடிந்தபின் வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் ஏறக்குறைய 2.5 லீற்றர் காற்று எஞ்சி நிற்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கே ஒட்சிசன், அதாவது அரை லீற்றர். உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் செலவழிக்கும். மூச்சு நின்றால் கையிருப்பு இரண்டு நிமிடத்துக்குத்தான். அதனால்தான் தூங்கவைக்குமுன் முகமூடியை வைத்து நன்றாக மூச்செடுக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் முழுக்க ஒட்சிசன் நிரம்பினால் ஆரோக்கியமானவர் எட்டு நிமிடம் வரைகூடத் தாங்கலாம். பருமனானவரும் கர்ப்பிணியும் குழந்தையும் அவ்வளவு தாங்கமாட்டார்கள். மயக்க மருத்துவர் மூச்சை நிறுத்திய கணத்திலிருந்து இந்தக் கையிருப்பு கரைந்துகொண்டே இருக்கும். குழாய் போகவில்லை, முகமூடியாலும் காற்று ஏறவில்லை என்றால், கடைசியாகச் செய்யக்கூடியது தொண்டைமேட்டுக்குக் கீழே விரலால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய சவ்வைக் கத்தியால் கீறி அதன் வழியே குழாயைச் செலுத்துவது. பெரும்பாலான மயக்க மருத்துவர்கள் தம் வாழ்நாளில் இதைச் செய்ததில்லை. ரொறொன்ரோவில் 38 நிபுணர்களுக்கு இதைப் பொம்மையில் ஒரு தடவை பழக்கி, சிலரை ஆறு மாதத்திலும் மற்றவர்களை ஒரு வருடத்திலும் திரும்பச் சோதித்தார்கள். சில்வன் போயெயும் சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு தடவை கற்ற அந்தத் திறன் ஒரு வருடத்துக்குப் பிறகும் கையில் இருந்தது.

ஆக, கைகளுக்குக் கற்பிக்கலாம். வாய்க்குக் கற்பிப்பதுதான் பாடு.

2005-இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற 37 வயதுத் தாய் சிறிய சைனஸ் சத்திரசிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்தபின் குழாய் போகவில்லை, காற்றும் ஏறவில்லை. அனுபவமிக்க மருத்துவர்கள் பலர் கூடி நின்றார்கள். எல்லோரும் குழாயை உள்ளே செலுத்துவதிலேயே குறியாக இருந்தார்கள். நேரம் ஓடியது. தாதி ஒருவர் கழுத்தைக் கீறித் துளையிடுவதற்கான கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒதுக்கச் சொன்னார். என்ன செய்யவேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எலைன் பதின்மூன்று நாட்களின் பின் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ஒரு விமானி. யாரையும் பழிவாங்கக் கேட்காமல், விமானத்துறையில் செய்வதுபோல் இதை விசாரியுங்கள் என்று கேட்டார். மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் அமைப்பொன்றையும் 2007-இல் தொடங்கினார். மயக்க மருத்துவப் பயிற்சிகளில் இன்றுவரை அவருடைய மனைவியின் கதையைச் சொல்கிறார்கள்.

மேலே நிற்பவர் தவறினால் கீழே நிற்பவர் சொல்வாரா என்பதை உண்மையான நோயாளியை வைத்துச் சோதிக்கமுடியாது. பொம்மையை வைத்துச் சோதிக்கலாம். ரொறொன்ரோவில் மவுண்ட் சினாய் வைத்தியசாலையின் சீவ் ஃபிரீட்மனும் சக ஆய்வாளர்களும் அதைச் செய்தார்கள். மூச்சுவழி நெருக்கடி ஒன்றில், மூத்தவராக நடிப்பவர் வேண்டுமென்றே தவறான முடிவுகளை எடுப்பார். பயிற்சி மருத்துவர் எந்த அளவுக்கு அதை எதிர்க்கிறார் என்று கமராவில் பதிந்து மதிப்பெண் போடுவார்கள். கனடாவின் இன்னொரு ஆய்வில், தனக்கு இரத்தம் ஏற்றக்கூடாதென்று மத நம்பிக்கை காரணமாக முன்கூட்டியே சொன்ன நோயாளிக்கு இரத்தம் ஏற்றும்படி மூத்தவர் பணிப்பார். அதன்பின் இளையவர்களை இருத்தி, ஏன் அப்படி நடந்துகொண்டீர்கள் என்று கேட்டார்கள். டிலன் போல்டும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட அந்தக் கட்டுரையை வாசிக்கும் எவருக்கும் இளையவர்களின் தயக்கம் புரியும்: பகைத்துக்கொண்டால் மதிப்பீடு கெடும், வேலை கிடைக்காமல் போகும், இந்தத் துறையில் வாய் திறக்காமலிருக்கப் பழகியே மேலே வரவேண்டும் என்ற பயம். இவர்கள் பயிற்சி பெறும் நாடு, பணிப்பாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கனடா.

நம்முடைய வீடுகளை நினைத்துப் பார்க்காமல் இதை என்னால் எழுதமுடியவில்லை. ஸ்காபரோவின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தாதிகளாகவும் பராமரிப்பாளர்களாகவும் நம் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் பெருகுகிறார்கள். பெரியவர்களுக்கு எதிர்த்துக் கதைக்காதே என்று சொல்லித்தான் அவர்களை வளர்த்தோம். மரியாதை நல்ல குணம். அதை விட்டுவிடச் சொல்ல நான் இல்லை. ஆனால் நோயாளியின் ஒட்சிசன் இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பழக்கம் தொண்டையில் வந்து அடைத்துக்கொள்ளும் என்பதை நாம் அறிந்து வைத்திருக்கவேண்டும். ஒத்திகைகளில் இதற்கென்றே படிப்படியான வாசகங்களைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். முதலில், 'எனக்குக் கவலையாக இருக்கிறது.' கேட்கவில்லையென்றால், 'எனக்கு இது சரியாகப் படவில்லை.' அதற்கும் திரும்பாவிட்டால், 'இது நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து, நிறுத்துங்கள்.' மரியாதை குறையாமல் குரல் மட்டும் ஏறும் வாசகங்கள் அவை. முதல் ஒத்திகையில் முதல் வாசகத்தைத் தாண்டவே பலருக்கு வாய் வராது.

ஒத்திகை முடிந்தவுடன் எல்லோரும் பக்கத்து அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். பயிற்சியின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. பயிற்றுநர் முதலில் மனத்தில் இருப்பதைக் கொட்ட விடுவார். கை நடுங்கியதை, எரிச்சல் வந்ததை, வெட்கப்பட்டதை. பிறகு தான் கண்டதைச் சொல்லிக் கேட்பார்: ஒட்சிசன் தொண்ணூறுக்குக் கீழே வந்தபோது நீங்கள் மொனிற்றரைப் பார்த்தீர்கள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை, அந்த நேரம் மனத்தில் என்ன ஓடியது? தீர்ப்புச் சொல்லாமல் அவர் காத்திருப்பார். ரொறொன்ரோவில் ஜோர்ஜ் சவோல்டெலியும் விரன் நாயக்கும் சக ஆய்வாளர்களும் 42 பயிற்சி மருத்துவர்களை மூன்று குழுவாகப் பிரித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒரு குழுவுக்கு ஒத்திகைக்குப் பின் எதுவும் சொல்லவில்லை, இன்னொன்றோடு பேசினார்கள், மூன்றாவதோடு ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டிப் பேசினார்கள். எதுவும் சொல்லாத குழு அடுத்த ஒத்திகையில் முன்னேறவில்லை. மற்ற இரண்டும் முன்னேறின, ஒளிப்பதிவு கூடுதல் பலன் தரவில்லை. விலையுயர்ந்த பொம்மையோடு ஒரு மணித்தியாலம் போராடிவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போனால் போராட்டம் வீண்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வளைந்து போகும் கண்ணாடியிழைக் கருவியை வாய்வழியே செலுத்தி மூச்சுக்குழாய்க்குள் கொண்டுபோவது மயக்க மருத்துவத்தின் கடினமான கைவேலை. பெருவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் நுனி மேலும் கீழும் வளையும். பக்கவாட்டில் திரும்ப மணிக்கட்டையே திருப்பவேண்டும். இதைப் பழக்க நாயக்கும் அவருடைய குழுவும் துளையிட்ட பலகைகளை வைத்து ஓர் எளிய கருவி செய்தார்கள். சொன்ன துளைக்குள் நுனியைக் கொண்டுபோகவேண்டும், அவ்வளவுதான். அதில் பழகியவர்கள், வெறும் விரிவுரை கேட்டவர்களைவிட, தியேட்டரில் உண்மையான நோயாளிகளிடம் விரைவாகவும் சரியாகவும் செய்தார்கள் என்று 2001-இல் வெளியானது. சில வருடம் கழித்து, இந்தப் பலகையை விலை கூடிய கணினிப் பாவனைக் கருவியோடு ஒப்பிட்டபோது, பழகியவர்களின் தேர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. சிறுநீர்க்குழாய் அகநோக்கியில் எட்வர்ட் மட்சுமோட்டோ ரொறொன்ரோவில் செய்த ஆய்வும் இப்படியே: ஒரு கோப்பையும் உறிஞ்சுகுழல்களும் இரப்பர் குழாயும் சேர்த்து 20 டொலருக்குச் செய்த மாதிரி, 3,700 டொலர் மாதிரிக்குக் குறையாமல் கற்பித்தது.

எங்கே பழகுவது என்பதற்கும் இந்த நகரத்தில் ஒரு பாடம் உண்டு. 2003-இல் சார்ஸ் ரொறொன்ரோவுக்குள் பரவத் தொடங்கியது ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலையிலிருந்து. கனடாவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளிக்கு மூச்சுக்குழாய் வைக்கும் வேளையில், முகத்துக்கு நேரே குனிந்து நின்ற சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்றியது. 2020-இல் கோவிட் வந்தபோது இந்த நகரத்து மயக்க மருத்துவர்கள் அதை மறந்திருக்கவில்லை. நோயாளிகள் பெருகுமுன்பே, பாதுகாப்பு உடை அணிந்து, தங்கள் தங்கள் அறைகளிலேயே பொம்மையை வைத்துப் பழகினார்கள். உண்மையான இடத்தில் பழகும்போது புத்தகத்தில் இல்லாதவை தெரியவரும்: முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசினால் கதவருகில் நிற்பவருக்குக் கேட்காது, உள்ளே போனபின் மருந்து வண்டியைத் தேடி வெளியே வரமுடியாது. இப்படிக் கண்டுபிடித்த ஒவ்வொன்றும் ஒரு நோயாளியையோ ஒரு தாதியையோ காப்பாற்றும் செய்தி.

பொம்மைக்கு முடியாததும் உண்டு. அதன் தோல் மனிதத் தோலைப்போல் குளிர்ந்து வியர்க்காது. பயத்தில் கையைப் பிடித்துக்கொள்ளாது. ஒத்திகைக்கு வரும் எவருக்கும் ஏதோ நடக்கப்போகிறதென்று முன்பே தெரியும்; உண்மையான தியேட்டரில் பகல் முழுதும் ஒன்றும் நடக்காமல் கவனம் தளர்ந்திருக்கும் வேளையில்தான் நடக்கும். ஆனாலும் கனடாவின் 17 மயக்க மருத்துவப் பயிற்சித் திட்டங்களுக்கும் பொதுவான ஒத்திகைத் தொகுப்பொன்றை வகுத்திருக்கிறார்கள். 2017-இல் தகுதி அடிப்படையிலான புதிய பயிற்சிமுறைக்கு முதலில் மாறிய துறைகளில் மயக்க மருத்துவமும் இருந்தது. ரூஜிலிருந்து சில நிமிட ஓட்டத்தில், ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் மருத்துவக் கல்விக்கான கழகம் ஒன்றையும் 2022-இல் ஒன்ராறியோ அரசு அறிவித்தது. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஸ்காபரோவிலேயே மருத்துவம் பழகும் காலம் வருகிறது.

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ஏதாவது செய்யவேண்டுமென்று இங்குள்ள தமிழர்கள் பணம் சேர்க்கும்போது, பெரிய பொம்மை ஒன்றை வாங்கி அனுப்பலாமா என்ற யோசனை எழுவது இயல்பு. அனுப்பலாம், பழுதானால் திருத்த ஆளும் பாகமும் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அனுப்பவேண்டும். துளையிட்ட பலகையை அங்குள்ள தச்சர் ஒரு நாளில் செய்து கொடுப்பார். காலாவதியான மருந்துக் குப்பிகளைக் கரைத்துப் பழகலாம். விலை கொடுத்து வாங்க முடியாதது வேறு: இளைய மருத்துவரும் தாதியும் நிற்கும் ஒத்திகையில், மூத்த நிபுணர் ஒருவர் வேண்டுமென்றே தவறான கட்டளை கொடுத்து, 'இல்லை, நிறுத்துங்கள்' என்று அவர்களில் ஒருவர் சொல்லும்வரை காத்திருக்க ஒப்புக்கொள்ளவேண்டும். பிறகு வட்டமாக நாற்காலி போட்டு அதைப் பற்றிப் பேசுவதற்கு வேலை நேரத்துக்குள்ளேயே ஒரு மணித்தியாலத்தை நிர்வாகம் எழுதிக் கொடுக்கவேண்டும்.